போனில் வரும் காசு யாருடைய காசு?

"காசு போன்ல வந்திருக்குன்னு சொல்றாங்க. கையில வாங்கி எண்ணிப் பார்த்தாத்தானே நம்பிக்கை!" நமது லயங்களில் இப்படிச் சொல்லும் தாய்மார் பலர். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அது என்னவென்று இப்பாடத்தில் பார்ப்போம்.

இலங்கையில் கைத்தொலைபேசிப் பணச் சேவை 2012இல் ஆரம்பமானது. ஆனாலும் தோட்டங்களில் நோட்டும் சில்லறையும்தான் அதிகம் புழங்குகின்றன. ஏன்?

1. கடை: சம்பளம் வரும்வரை அரிசியும் மாவும் தருவது கடைக்காரரின் கடன் கொப்பி. போன் அப்படிக் கடன் தருமா? சீட்டுக் காசு, கோயில் காசு எல்லாம் கையில்தான் கொடுக்கிறோம். போனில் உள்ளதை நோட்டாக்க டவுனுக்குப் போனால் பஸ் காசும் செலவு, ஒருநாள் பேரும் போய்விடும்.

2. மொழி: செய்தி ஆங்கிலத்தில் வந்தால் இன்னொருவரிடம் காட்டித்தான் வாசிக்க வேண்டும்.

3. பெயர்: கொழுந்து பறிப்பவர் அம்மா, போன் மகனுடையது. காசு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

4. பயம்: ஒரு இலக்கம் பிழைத்தால் காசு வேறு யாருக்கோ போய்விடும்.

நம்மைப் போலத் தேயிலை விளையும் கென்யாவில் 2007இல் 'எம்-பெசா' என்ற சேவை தொடங்கியது. நகரத்தில் வேலை செய்பவர்கள் ஊருக்குக் காசு அனுப்ப அது உதவியது. பக்கத்துச் சிறு கடைகளே முகவர்களாக இருந்து நோட்டை எண்ணிக் கொடுத்தன. அதனால் சனங்கள் நம்பினார்கள். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அனுப்பும் காசுக்கும் இதே வசதிதான் வேண்டும். பக்கத்தில் முகவரும் தமிழில் செய்தியும் வேண்டுமென்று நாம் சேர்ந்து கேட்போம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை:

• சிம் அட்டையை நமது அடையாள அட்டையில், நமது பெயரில் எடுப்போம்.
• இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லோம். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்றாலும் சொல்லோம்.
• முதலில் 100 ரூபா அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புவோம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: உங்கள் சம்பளம் போனில் வந்தால், அதைத் திறக்கும் இலக்கம் யாருக்குத் தெரியும்? உங்களுக்கா, வேறொருவருக்கா?