ஆட்டம் எந்தப் பக்கம்?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற மாதிரியான பாறைப் பாதைகளில் ஃபோர் வீல் ஜீப் ஓட்டுபவர்களுக்கு வண்டியின் அடியிலிருந்து வரும் சத்தம் புதிதல்ல. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "கிராஸ் போயிருச்சுண்ணே, மாத்திரலாம்" என்பார்கள். கிராஸ் என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட். அவர்கள் சொல்வது பல நேரம் சரிதான். ஆனால் நல்ல கிராஸைத் தூக்கிப்போட்டு, புதுசு மாட்டிய பிறகும் அதே சத்தத்தோடு வெளியே வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன், சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிப்பேன்.

கிளட்சை விடும்போதோ, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதோ 'டொக்' என்று ஒரே அடி விழுந்தால் எங்கோ ஆட்டம் சேர்ந்திருக்கிறது. குருவி மாதிரி 'கீச் கீச்' என்று கத்தி, வேகம் கூடக்கூட அதுவும் நெருங்கி வந்தால், கிராஸின் நீடில் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும். கப் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரியும். வண்டி இழுக்கும்போது ஒரு விதமாகவும், காலை எடுத்ததும் வேறு விதமாகவும் ஊளையிட்டால் கிரவுன் பினியனைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் முன்னால் 'டக டக' என்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜாயிண்ட்.

அடுத்து அடியில் படுக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த பிறகுதான். பழைய லேண்ட் ரோவர், வில்லிஸ் வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலும், பின் ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் வண்டி நகர்ந்துவிடும். கட்டை விஷயத்தில் அலட்சியமே கூடாது.

நியூட்ரலில் போட்டு ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். கொஞ்சம் சுழலத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் காசை விடுகிறார்கள். பார்க்க வேண்டியது கிராஸின் இரண்டு பக்க யோக்குகளை. இரண்டும் சேர்ந்து திரும்பினால் அந்த ஆட்டம் உள்ளே பல்சக்கரங்களுடையது, ஓரளவு இருக்க வேண்டியதுதான். ஒரு யோக் திரும்பிய பிறகே மற்றது நகர்ந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. பிறகு லிவர் கம்பி கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். பினியன் ஃப்ளேஞ்சே மேலும் கீழும் அசைந்தால் பேரிங் போயிற்று. அங்கே துளி அசைவும் ஆகாது. ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளையும் முடுக்கிப் பாருங்கள். லூசான ஒரு போல்ட்கூட 'டொக்' என்று அடிக்கும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டிப் பார்ப்பேன். டூ வீலில் போட்டாலும் ஹப்பைப் பிரித்துவிடாத வண்டியில் முன் ஷாஃப்ட் சக்கரத்தோடு சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது பலருக்குத் தோன்றுவதில்லை, பின்பக்கத்தையே குடைந்துகொண்டிருப்பார்கள். கழற்றியதும் சத்தம் நின்றால் தேட வேண்டியது முன்பக்கத்தில்.

காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு வளைத்தாலும் வண்டி இறுகி, திமிறி, 'டொக்' என்னும். முன், பின் ஆக்ஸில்கள் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டியிருக்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் பூட்டி வைத்திருக்கிறது. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் இளகிவிடும். அங்கே மாற்ற எதுவுமில்லை.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், பல் பல்லாகச் செருகியிருக்கும் ஸ்ப்ளைனின் இரண்டு பக்கமும் பஞ்ச் வைத்துத் தட்டி அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்து சுற்றும் கிராஸ், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேராக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்யும். ஒரு பல் தள்ளி மாட்டினால், புது கிராஸ் போட்ட வண்டியே வேகமெடுக்கும்போது அதிரத் தொடங்கும்.