நுரையீரலுக்கு ஸ்கோப் போடப் போகிறீர்களா?

இருமல் நிற்கவில்லை, சளி டெஸ்டில் ஒன்றும் பிடிபடவில்லை, ஸ்கேனில் நிழல் தெரிகிறது. ‘ஸ்கோப் போட்டுப் பார்த்துடலாம்’ என்கிறார் டாக்டர். திருமானூர்க்காரர்கள் இந்த ப்ராங்கோஸ்கோபிக்குக் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூருக்கோ, வடக்கே அரியலூருக்கோ போக வேண்டியிருக்கும். குழாய் உள்ளே இருப்பது பெரும்பாலும் அரை மணிக்கும் குறைவு. கவனம் வேண்டியது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் தேடுவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை. சதைத் துணுக்கு எடுப்பதாக இருந்தால் க்ளோபிடோக்ரெலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக ஒரு வேளைகூட விடக் கூடாது. அது இதய டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். ஆஸ்துமா, அண்மையில் வந்த மாரடைப்பு, மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கு அலர்ஜி, ஆடும் பல், இன்சுலின் என எதையும் மறைக்காதீர்கள். சிமெண்ட் ஆலையிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ வேலை பார்த்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே முடிய வேண்டும். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். விடியற்காலை பஸ்ஸுக்கு முன் குடிக்கும் பால் டீயும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.

மூக்கிலும் தொண்டையிலும் லிக்னோகெய்ன் மருந்தடித்து மரக்கச் செய்வார்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இறங்கும். இருமல் வரும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும்; பேச வராது, கையைத் தூக்குங்கள். ஆக்சிஜன் குறைகிறதா என்று விரலில் மாட்டிய கருவி காட்டிக்கொண்டே இருக்கும். ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வென்டிலேட்டர் குழாய்க்குள்ளேயே ஸ்கோப் போவதால் காற்றுப் பாதை குறுகும். ஆக்சிஜன் சட்டென இறங்கலாம். சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போது ‘இதில் என்ன தெரியவரும், செய்யாவிட்டால் என்ன வழி?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

முடிந்ததும் சுமார் 2 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தொண்டை மரத்திருக்கும்போது விழுங்கினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில் திருவையாறு வரும். அசோகா அல்வா வாசனை இழுக்கத்தான் செய்யும். முதலில் ஒரு வாய்த் தண்ணீர் இருமாமல் இறங்குகிறதா பாருங்கள், பிறகு அல்வா. மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் பைக் ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வர வேண்டும்.

ஆழத்திலிருந்து சதை எடுத்திருந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தால், சில நேரம் வீடு போன பிறகுதான் தெரியும்: ஒரு பக்கம் சுருக்கென்று நெஞ்சு வலி, மூச்சு வாங்கல். உடனே 108. சளியில் ஓரிரு நாள் ரத்தக் கீற்று வருவது சகஜம். கரண்டி கரண்டியாக வந்தால் அதற்கும் 108தான். அன்று மாலை லேசான காய்ச்சல் வரலாம். மறுநாளும் விடாவிட்டால் காட்டிவிடுங்கள்.

முடிவு ஒரே நாளில் வராது. டிபி ஜீன் டெஸ்ட் சீக்கிரம் வரும். கல்ச்சருக்கு 6 வாரம்வரை ஆகும். எது எப்போது, எந்த அறையில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.