பொதுக் கம்ப்யூட்டரில் யாருக்கு எவ்வளவு இடம்?

ஜெராக்ஸ் கடை, பள்ளி லேப், வீட்டு ஹால் என்று பல பேர் கை படும் கம்ப்யூட்டர் எங்கே இருந்தாலும், அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குதான் இருக்கும். அதுவும் அட்மின் கணக்கு. விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகும் கணக்குக்கு அந்த உரிமை தானாகவே வந்துவிடும். இன்னொரு கணக்கு தொடங்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அப்புறம் வைரஸ் வந்துவிட்டது, யாரோ எதையோ அழித்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு, எல்லாவற்றையும் பூட்டிவைக்க ஏதாவது மென்பொருள் கிடைக்குமா என்று தேடுவோம்.

தேடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உட்கார்ந்து வேலை செய்கிறவர், தன் வேலையை அந்தக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியவரா, இல்லையா? எந்த வழி பொருந்தும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

எந்தப் பதிலாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு போட்டு ஓரமாக வைத்துவிட்டு, தினசரி வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கைத் தொடங்குங்கள். காசு செலவில்லை, ஹோம் பதிப்பிலும் உண்டு. அட்மின் கணக்கில் ஒரு மென்பொருளை நிறுவப் போனால் விண்டோஸ் 'ஆமாவா, இல்லையா' என்று மட்டும் கேட்கும்; உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் 'ஆமா'வைத் தட்டிவிடுவார். சாதாரணக் கணக்கிலோ அதே இடத்தில் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். கடை முதலாளியும் அன்றாடம் இந்தக் கணக்கிலேயே வேலை செய்வது நல்லது.

ஆனால் இது முழு வேலி அல்ல. பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் குரோம் பிரவுசரை ஒருவர் தன் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ள முடியும், ஏனென்றால் அது அவருடைய சொந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரோமால் ஆபத்தில்லை, ஆனால் அது நுழைந்த வழியில் வேறு எதுவும் நுழையலாம். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஷார்ட்கட் வைரஸ் அந்த ரகம். பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளைப் போட்டுவைக்கும். அவற்றில் ஒன்றைத் திறந்தால் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். சாதாரணக் கணக்கு என்றால் விண்டோஸின் அடிமடியில் கை வைக்காது, சரி. ஆனால் அந்தக் கணக்கிலேயே தங்கிக்கொண்டு, அடுத்து வரும் வாடிக்கையாளரின் பென் டிரைவுக்கும் தொற்றும்.

இந்த வழியை அடைப்பது விண்டோஸிலேயே உள்ள ஆப்லாக்கர். எந்த இடத்திலிருந்து நிரல்கள் ஓடலாம் என்று விதி போடுவது அதன் வேலை. அதன் இயல்பு விதிகளை உருவாக்கினால், ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய ஃபோல்டர்களில் இருப்பவை எல்லோருக்கும் ஓடும். டவுன்லோட்ஸிலோ பென் டிரைவிலோ இருப்பவை அட்மினுக்கு மட்டும்தான். விதிகள் நான்கு பிரிவாக வரும். நான்குக்குமே இயல்பு விதிகளைப் போட வேண்டும். ஸ்கிரிப்ட் பிரிவை விட்டால் மேலே சொன்ன வைரஸுக்குக் கதவு திறந்தே இருக்கும். ஆப் பிரிவை விட்டால் ஸ்டோர் ஆப்கள் திறக்காமல் போகும். கண்காணிப்பு நிலை என்று ஒன்று உண்டு: எதையும் தடுக்காது, எது தடைபட்டிருக்கும் என்று குறித்து மட்டும் வைக்கும். முதல் சில நாள் அதிலேயே ஓட விடுங்கள். முன்பு எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும் செல்லுபடியான இது, விண்டோஸ் 11 ப்ரோவிலும் இப்போது வேலை செய்கிறது. வேலையை மிச்சம் வைத்துப் போகிறவர்கள் உள்ள அலுவலகத்துக்கும் லேபுக்கும் என் முதல் பரிந்துரை இதுதான்.

பலர் போய் நிற்பது விண்டோஸின் க்ரூப் பாலிசியில். டிரைவை மறை, கண்ட்ரோல் பேனலை மூடு என்று நீளமான பட்டியல். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பல விதிகள் வெறும் திரைச்சீலை. டிரைவை மறைக்கும் விதி படத்தைத்தான் மறைக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் தடுக்கும் விதிக்குப் பவர்ஷெல் கட்டுப்படாது. போட்டே ஆக வேண்டுமென்றால், பாலிசி எடிட்டரை நேரடியாகத் திறக்காதீர்கள்; அதில் போடும் பயனர் விதி அட்மினையும் சேர்த்தே கட்டிவிடும். எம்எம்சி (மைக்ரோசாஃப்ட் மேனேஜ்மெண்ட் கன்சோல்) வழியாகப் போய், அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும் என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுத்து அதில் போடுங்கள்.

எதையும் விட்டுவிட்டுப் போகாத கூட்டம் என்றால் கதையே வேறு. நூலகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் எதையும் தடுப்பதை விட, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வது மேல். மைக்ரோசாஃப்ட்டே இதற்கு ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2010 இறுதியில் நிறுத்திவிட்டார்கள், விண்டோஸ் 7க்கே அது வரவில்லை. இன்று பரவலாகப் பெயர் அடிபடுவது டீப் ஃப்ரீஸ். காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்டேட் போடும்போது உறைநிலையை எடுத்துவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் அதுவும் அழிந்துபோகும். பள்ளி லேபில் இதை யோசிக்காமல் போட்டால், டெஸ்க்டாப்பில் சேமித்த ப்ராஜெக்ட் மறுநாள் காலை இருக்காது. உறையாத ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிவைத்தால்தான் தப்பலாம்.

ஒரே ஒரு வெப்சைட்டோ டோக்கன் திரையோ போதும் என்றால் கியாஸ்க் முறை. ஹோம் பதிப்பில் கிடையாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டி. நேரக் கட்டுப்பாட்டுக்கு நல்லது, ஆனால் அதன் வெப் வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை குறைவு. புதுக் கணக்கை, அட்மின் உரிமை தரும் சுடோ குழுவில் சேர்க்காமல் விட்டாலே போதும். உபுண்டுவில் 21.04க்கு முந்தைய பதிப்புகளில் உருவான ஹோம் ஃபோல்டர்களை மற்றக் கணக்குகளும் திறந்து படிக்கலாம். அந்த அனுமதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்பாஷ் என்ற குறுகிய ஷெல்லை நம்ப வேண்டாம். விம் எடிட்டரைத் திறக்க விட்டால் அதற்குள்ளிருந்தே முழு ஷெல்லுக்குப் போய்விடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டு, பென் டிரைவிலிருந்து பூட் ஆவதை நிறுத்திவிடுங்கள். லைவ் லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகி எழுப்பினால், குறியாக்கம் செய்யாத டிஸ்கில் உள்ளதையெல்லாம் உங்கள் கணக்குகள் எதையும் கேட்காமலே படித்துவிடலாம்.