பிள்ளைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?

வெளிநாட்டில் குழந்தை பிறந்த செய்தி ஊருக்குப் போனதும் முதலில் கேட்பார்கள், யார் ஜாடை என்று. அடுத்த கேள்வி, "எந்த நாட்டு பாஸ்போர்ட் எடுக்கப்போறீங்க?" கேட்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கணக்குதான்: எதை வைத்திருந்தால் விசா இல்லாமல் நிறைய நாடுகளுக்குப் போகலாம்? அந்தக் கணக்கைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு எது, எடுத்தால் திரும்பாத முடிவு எது என்று பிரித்துப் பார்ப்பது முதல் வேலை.

இந்தியப் பெற்றோருக்கு முதலில் கெடு முடிவது தூதரகப் பதிவுக்கு. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, அம்மாவோ அப்பாவோ இந்தியர் என்பதாலேயே இந்தியராகிவிடுவதில்லை. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வாங்கியாக வேண்டும். பிறந்த மண்ணால் இன்னொரு குடியுரிமையும் வந்திருந்தால், பதினெட்டு நிறைந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்ற பொதுவிதிக்குள் சட்டம் விட்டுவைத்திருக்கும் சின்னச் சந்து இது. வேறு நாட்டு பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் இந்தப் பதிவுக்கு வழியில்லை.

வளைகுடாவில் யோசிக்கவே ஒன்றுமில்லை. அங்கே பிறந்ததால் குடியுரிமை வராது, இந்திய பாஸ்போர்ட்தான். பார்க்க வேண்டியது நாள்கணக்கு மட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்து 120 நாட்களுக்குள் குழந்தைக்கு விசா முடிய வேண்டும்; பிந்தினால் அபராதம். அதற்கு முன் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு முன் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே பிரசவம் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

பிரிட்டனில் பலர் ஏமாறுகிறார்கள். லண்டனில் பிறந்தாலே பிரிட்டிஷ் குடிமகன் என்ற காலம் 1983 ஜனவரி 1-ஓடு போயிற்று. பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைக்கு இந்திய பாஸ்போர்ட்தான். அதில்தான் சார்ந்தோர் விசா. ஆஸ்திரேலியாவிலும் 1986 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய இதே விதி. பிரிட்டனில் பின்னால் பெற்றோருக்கு நிரந்தர உரிமை கிடைத்தால் பிள்ளையை பிரிட்டிஷ் குடிமகனாகப் பதியலாம். பிறந்ததிலிருந்து பத்து வயது வரை அங்கேயே வளர்ந்தாலும் பதியலாம். இந்த வாசல் வருடக்கணக்கில் திறந்தே இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்பேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைப் பத்திரமாக வையுங்கள், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கான விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் அந்நாட்டை விட்டுப் போகவும் திரும்பி நுழையவும் அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும். சொந்தக் குடிமகனுக்கு விசாவும் தரமாட்டார்கள். அதனால் நான் மேலே சொன்ன சந்து காகிதத்தில் இருந்தாலும், தாத்தா பாட்டியைப் பார்க்க ஒருமுறை மதுரைக்கு வந்து திரும்ப நினைக்கும் குடும்பத்துக்கு அது உதவாது. அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் என்பதே நடைமுறை. ஒன்று கவனிக்க வேண்டும்: 2025 ஜனவரி 20-ல் வந்த அதிபர் ஆணை, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால் பிள்ளைக்கு இந்த உரிமை கிடையாது என்றது. நீதிமன்றங்கள் தடுத்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்கள் அந்த வழக்கின் நிலையையும், தூதரகப் பதிவுக்கான ஓராண்டுக் கெடுவையும் சேர்த்தே பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கக் குடியுரிமையை எல்லோரும் வரமாகவே பேசுகிறார்கள். அதற்கு ஒரு பாரமும் உண்டு. அந்தப் பிள்ளை நாளை சென்னையிலேயே வேலை பார்த்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் வரிக்கணக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, ஒரே வீட்டில் இரண்டு நிலை. இந்தியாவில் பிறந்து எச்-4 சார்ந்தோர் விசாவில் வந்த அக்காவுக்கு 21 வயதானால் அந்த விசா முடிகிறது. கிரீன் கார்டு வரிசையோ நகர்வதாக இல்லை. அங்கே பிறந்த தம்பிக்கு அந்தக் கவலையே கிடையாது. தம்பியின் பாஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்கும் நேரத்தை இந்த அக்காவுக்குக் கொடுங்கள். அப்பாவோ அம்மாவோ அவள் பதினெட்டுக்குள் குடியுரிமை பெற்று, அவளும் கிரீன் கார்டோடு அவர்கள் பொறுப்பில் அங்கே வசித்தால் அவளுக்கும் அது தானாக வரும்.

சிங்கப்பூரில் கேள்வி ஆண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. இருவரும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள்) என்றால் பிள்ளைக்கும் பிஆர் கேட்கலாம். வேலைக்கு வந்து பிஆர் வாங்கிய அப்பாவுக்கு நேஷனல் சர்வீஸ் எனும் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அவர் மூலம் பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு. இரண்டு வருட முழுநேரச் சேவை, பிறகு பல வருடம் ரிசர்வ் அழைப்பு. சேவை செய்யாமல் பிஆரை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால் அது எதிராக வரும். மகன் அங்கேயே வளர்ந்து வாழப்போகிறான் என்றால் சேவையை ஒரு குறையாக நான் பார்க்கமாட்டேன். பன்னிரண்டு வயதில் ஊர் திரும்பும் திட்டம் இருந்தால், இந்திய பாஸ்போர்ட்டோடு சார்ந்தோர் விசாவிலோ மாணவர் விசாவிலோ வளர்வது நிம்மதி.

இனி ஓசிஐ. பெயரில் குடியுரிமை இருந்தாலும் இது வாழ்நாள் விசாதான். எத்தனை முறையும் வரலாம், எவ்வளவு நாளும் தங்கலாம், காவல் பதிவு வேண்டாம், பள்ளியில் சேர்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது, அரசுப் பதவி பொதுவாகக் கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தாவின் நஞ்சை வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 2008-ல் வந்த விளையாட்டுத் துறைக் கொள்கைப்படி, இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் நாட்டுக்காக ஆடவும் முடியாது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ அவர்களுக்கு முந்தியவர்களோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் அட்டை கிடைக்காது.

வீடுகளில் பேசப்படாமல் போவது கல்லூரி. 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியே வரும் இடங்களில் ஓசிஐ பிள்ளைகளுக்கு என்ஆர்ஐ ஒதுக்கீடோ கூடுதலாக உருவாக்கும் இடங்களோ மட்டும்தான்; இந்தியக் குடிமக்களுக்கான பொது இடம் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறாம் வகுப்பில் ஊருக்கு வந்து, இங்கேயே பன்னிரண்டு முடித்து, நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும் என்ஆர்ஐ கட்டணம்தான். பிள்ளையை இந்தியாவில் மருத்துவம் படிக்கவைக்கும் ஆசை உறுதியாக இருந்தால், விசா இல்லாமல் பல நாடுகளுக்குப் போகும் சுகத்தை விட இந்திய பாஸ்போர்ட்டுக்கு எடை அதிகம்.

"பெரியவனானதும் அவனே இந்தியக் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கட்டும்" என்று நினைப்பவர்கள் 2024 அக்டோபர் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் சிங்கப்பூர் குடிமக்கள் ஆன பிறகு அங்கே பிறந்த ஓர் இளைஞர், பதினெட்டு தாண்டியதும் இந்தியக் குடியுரிமையை மீட்கக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. முறைப்படி அறிவித்து இந்தியக் குடியுரிமையைத் துறந்தவர்களின் பிள்ளைகளுக்கே மீட்கும் உரிமை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது இல்லை. மிஞ்சும் வழிகளில் ஒன்று, ஐந்து வருடம் ஓசிஐயாக இருந்து, விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்துக் கேட்பது. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் கையில்.

இலங்கைக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. அங்கேயும் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளும் அதைத் தடுப்பதில்லை. 2022-ன் 21-ஆவது திருத்தத்துக்குப் பிறகு இரட்டைக் குடியுரிமையாளர் இலங்கை நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. அந்த ஆசை இல்லாத வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

கடைசியாக, பெயர். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுடன் வருபவர்களை அமீரகம் அனுமதிக்க மறுத்தது. அப்பா பெயரோ அம்மா பெயரோ, ஒன்றை முடிவுசெய்து, மருத்துவமனையில் தரும் பிறப்புப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட், ஓசிஐ, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று, கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இருவரும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.