சிறிய வெட்டா, பெரிய வெட்டா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு பாடம்



கொழுந்து மலையிலும் றப்பர் மலையிலும் ஒரு பேச்சு அடிபடுவதை நாங்கள் கேட்டு வருகிறோம். "அரசாங்க ஆஸ்பத்திரியில வயித்த வெட்டித்தான் எடுப்பாங்க. காசு கட்டினா சின்ன ஓட்டை போட்டே எடுத்திடலாம்" என்பதே அந்தப் பேச்சு. இதைக் கேட்டு நகையை அடகு வைக்க நினைப்பவர்களும், பயந்து ஒபரேசனையே தள்ளிப் போடுபவர்களும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பிழையானது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு முறைகளும் எவை?

இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், கர்ப்பப்பையையும் அதன் வாயையும் சுற்றியுள்ள தசையோடு சேர்த்து எடுத்து விடுவார்கள். பக்கத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதிப்பார்கள்.

திறந்த ஒபரேசனில் அடிவயிற்றை வெட்டித் திறந்து, டாக்டர் கண்ணால் பார்த்துக் கையால் செய்கிறார். சிறுதுளை ஒபரேசனில் வயிற்றுக்குள் வாயுவை ஏற்றி, நாலைந்து சிறு துளைகள் போட்டு, கமராவும் நீண்ட கருவிகளும் விட்டுச் செய்கிறார்கள். தழும்பு சிறியது, இரத்த இழப்பும் குறைவு. சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். பித்தப்பைக் கல் போன்ற வேறு வருத்தங்களுக்கு இது நல்ல முறைதான். ஆகவே புற்றுநோய்க்கும் இதுவே நல்லது என்று உலகத்தில் பல டாக்டர்மார் நம்பியிருந்தார்கள்.

ஆராய்ச்சி சொன்னது என்ன?

அமெரிக்காவின் எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் பெட்ரோ ரமிரெஸ் தலைமையில், பல நாடுகளில் 33 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. ஆரம்ப நிலை நோயுள்ள 631 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 319 பேர் சிறுதுளைப் பிரிவு, 312 பேர் திறந்த ஒபரேசன் பிரிவு. 2018இல் முடிவு வெளிவந்தது.

- நோய் திரும்பி வந்தது: சிறுதுளைப் பிரிவில் 27 பேருக்கு, திறந்த பிரிவில் 7 பேருக்கு.
- இறந்தவர்கள்: சிறுதுளைப் பிரிவில் 19 பேர், திறந்த பிரிவில் 3 பேர்.

இந்த வித்தியாசத்தைக் கண்டு, 2017இலேயே புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தி விட்டார்கள். 2024இல் வந்த இறுதிக் கணக்கும் இதையே உறுதிப்படுத்தியது. ஒபரேசன் முடிந்து 6 வாரத்தில் விசாரித்தபோது, இரு பிரிவினரின் அன்றாட வாழ்க்கை நிலையிலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

கர்ப்பப்பையைப் பிடித்து அசைக்கும் கருவியாலும், வயிற்றில் ஏற்றும் வாயுவாலும் நோய் அணுக்கள் சிதறிப் பரவலாம் என்பது டாக்டர்மாரின் சந்தேகம்.

ஏற்கனவே சிறுதுளை முறையில் செய்து கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவிலும் பெரும்பாலானவர்கள் சுகமாகவே இருந்தார்கள். கிளினிக்குக்கு மட்டும் தவறாமல் போய் வாருங்கள்.

நாங்கள் செய்ய வேண்டியது

1. இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரியிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பினால், சொன்ன திகதியில் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கடன் வாங்கிச் சிறிய வெட்டைத் தேட வேண்டாம்.

2. டாக்டரிடம் கேளுங்கள்: "என் நோய் எந்தக் கட்டத்தில இருக்கு? எந்த ஒபரேசன் செய்யப் போறீங்க? ஏன்?" கேட்பது உங்கள் உரிமை. கட்டி பெரிதாகியிருந்தால் ஒபரேசனுக்குப் பதிலாகக் கதிர் சிகிச்சையும் மருந்தும் கொடுப்பார்கள். அதையும் இடையில் விட்டுவிடக் கூடாது.

3. திறந்த ஒபரேசன் செய்தவர் ஆறு வாரமாவது கொழுந்துக் கூடை, பால் வாளி, தண்ணீர்க் குடம், விறகு தூக்கக் கூடாது. "பேர் போகுதே" என்று அவசரப்பட்டு வேலைக்கு இறங்க வேண்டாம். வைத்தியச் சான்றிதழை ஆபீசில் கொடுங்கள். வீட்டு வேலையை ஆண்களும் பெரிய பிள்ளைகளும் பகிர்ந்து கொள்ள வேண்டும்.

4. மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தம் பட்டாலோ, கணவன் மனைவி சேர்ந்த பின் இரத்தம் கண்டாலோ, நாற்றமுள்ள வெள்ளை பட்டாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தோட்டத்து மருத்துவமாதுவிடம் உடனே சொல்லுங்கள்.

5. சுவநாரி கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் சோதனைக்கு அழைக்கிறார்கள். நோவு இல்லாவிட்டாலும் போங்கள். 2017 முதல் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தழும்பு பெரிதா சிறிதா என்பது சேலைக்குள் மறையும் விஷயம். தாய் பிள்ளைகளோடு இருப்பதுதான் முக்கியம். இந்தப் பாடத்தை வாசிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் லயத்தில் வாசித்துக் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.