ஏரிக்கரையின் காவலும் உடைமையும்

ஏரி நிரம்பியிருக்கும்போது அதனை "எங்கள் ஏரி" என்று சொல்ல ஆயக்கட்டில் ஒருவரும் தயங்குவதில்லை. கரை உடைந்த மறுநாளோ, அதைக் காத்திருக்க வேண்டியவர் யார் என்ற வழக்கு எழுகிறது. விவசாய அங்கத்தினருக்கு மட்டுமன்றி, கரையின் கீழ்ப்புறம் குடியிருக்கும் நெசவாளருக்கும் இது முக்கியமான கேள்வியாகும். உடைப்பு நீர் கழனியில் மணலைக் கொட்டும். தறிக்குழியில் புகுந்து பாவையும் பாழாக்கும்.

இவ்விஷயத்தில் இரண்டு பழைய வழக்குகளை நாம் அறிதல் நலம். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் அமைத்தார். அதன் நீர் பழைய சுரங்கவழிகளில் இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளியிடம் கவனக்குறைவு இல்லாதபோதிலும், தம் தேவைக்காக நீரைத் தேக்கியவரே நஷ்டத்துக்கு உத்தரவாதி என்று பிரபுக்கள் சபை 1868-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கார்வேட்டிநகர ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் அழிந்தன. ரயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தது. ஆனால் 1874-ல் பிரிவி கவுன்சில் முடிவு வேறாக இருந்தது. ஏரிகள் தொன்றுதொட்டு மக்களின் பாசனத்துக்காக உள்ளவை. அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை. அக்கடமையில் அவர் அசட்டையாக இருந்ததாக நிரூபணமில்லை. ஆகவே அவர் நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்பதே அம்முடிவு. அவரைக் காத்தது உடைமை அன்று. கவனமே என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஜமீன் ஏரிகள் 1948-ம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின்கீழ் சர்க்கார் வசமாயின. இன்று தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகளைப் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியமும், மற்றவற்றை நீர்வளத் துறையும் பராமரிக்கின்றன. 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமோ 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையுமே தழுவும். நம் சிற்றேரிகளின் கரைகள் அதற்கு எட்டா. எனவே கரையை அன்றாடம் காணும் கண் நம்முடையதே.

காண வேண்டியவை என்ன? மண் கரைக்கு முதற்பகை அதன்மேல் வழிந்தோடும் நீர். ஆகையால் கலிங்கு எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். இன்னும் ஒரு சாண் நீர் தேக்கலாம் என்றெண்ணி மழைக்காலத்தில் கலிங்கை மண்ணாலும் பலகையாலும் அடைப்பது, மிஞ்சிய நீரைக் கரைமேல் ஏற்றிவிடுவதாகும். இரண்டாவது, கசிவு. கீழ்ப்புறம் தெளிந்த நீர் கசிந்தால் அதன் அளவைக் கவனித்து வரலாம். கலங்கிய நீர் கசிந்தால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று அறிந்து உடனே தகவல் கொடுக்க வேண்டும். எலிவளை, நண்டுவளை, பட்டுப்போன மரத்தின் வேர் ஆகியவையே பெரும்பாலும் இதற்கு வழி செய்கின்றன.

நம் சங்கம் ஏரிக்கு உடைமையாளராகாது. ஆயினும் ஒரு பதிவேடு வைக்கலாம். மழைக்கு முன்னும் மழைக்காலத்தில் வாரந்தோறும் இரு அங்கத்தினர்கள் கரையை நடந்து பார்த்து, கண்டதைத் தேதியிட்டு எழுதுக. குறை கண்டால் உரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அதன் நகலை அப்பதிவேட்டில் சேர்த்து வைக்குக. கரை காக்கப்பட்டதா, அசட்டை செய்யப்பட்டதா என்று பின்னொரு நாள் கேள்வி எழுந்தால், வாய்ச்சொல்லைவிட அந்த ஏட்டுக்கு மதிப்பு அதிகம். அதைவிட மேலாக, அக்கேள்வி எழாமலே தடுக்கவும் அதுவே உதவும்.