அசைபடத்தில் ஆக்கலும் அழித்தலும்

(பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு)

பதினோராம் வகுப்பில் சி++ மொழியைப் படிக்கும்போது ஆக்கி, அழிப்பி என்னும் இரு சொற்களைச் சந்தித்திருப்போம். ஒரு பொருள் பிறக்கும்போது இயங்குவது ஆக்கி. அது மறையும்போது இயங்குவது அழிப்பி. ஆக்கியை எல்லாரும் கருத்தோடு படிக்கிறோம். அழிப்பியோ இரண்டு மதிப்பெண் வினாவோடு போய்விடுகிறது. அசைபடம் செய்ய முனையும் மாணவருக்கு அதுவே பெரும் பாடம் என்பதால், அதைக் குறித்து இங்கே சில சொல்ல விழைகிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கணியம்பாடி எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் இருக்கும் மடிக்கணினி, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாக வழங்கியது. அதன் நினைவகம் 2 ஜிபிதான். மழைநீர் நாகநதியில் ஓடி, மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளில் ஊறுவதை ஊர்ப் பிள்ளைகளுக்கு அசைபடமாகக் காட்ட வேண்டும் என்பது என் அவா. காட்டப்போவதும் அதே கணினியில்தான். ஆகவே, எடுத்த நினைவிடத்தைத் திருப்பித் தருவது என்பது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'காட்சித் தொடர்பு' என்ற பாடத்தில் ஸ்கிராட்ச் என்னும் மென்பொருள் அறிமுகமாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடம் 2007இல் வெளியிட்ட மென்பொருள் அது. அதில் ஒரு மழைத்துளியை வரைந்து, அதற்கு நகல்கள் எடுத்து மழை பெய்விக்கலாம். மேடையின் உயரம் 360 புள்ளிகள். நொடிக்கு 30 முறை காட்சி மாறும். ஒவ்வொரு முறையும் துளி 6 புள்ளிகள் இறங்கினால், மேலிருந்து கீழே வர 2 நொடி ஆகும். நொடிக்கு 20 துளிகள் பிறந்தால், எந்நேரமும் வானில் இருக்க வேண்டியவை 40 துளிகளே.

கீழே வந்த துளியை நீக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஸ்கிராட்சில் ஒரே சமயத்தில் 300 நகல்களுக்கு மேல் இருக்க முடியாது. நொடிக்கு 20 வீதம் 15 நொடியில் அந்த எல்லை வந்துவிடும். பிறகு புதிய துளி பிறக்காது, பிழைச்செய்தியும் வராது. மழை நின்றுவிடும், அவ்வளவுதான்! துளியை 'மறை' என்று கட்டளையிட்டாலும் பயனில்லை. மறைந்த துளியும் கணக்கில் இருக்கும். அந்த நகலையே நீக்கும் கட்டளை தனியே உண்டு. அதைத்தான் தர வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எல்லா நகல்களும் ஒருங்கே அழிந்துவிடுவதால், படத்தைச் சிறிது நேரமே ஓட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இக்குறை தென்படுவதில்லை.

இந்த 300 என்ற வேலி நல்லது என்பது என் கருத்து. வேலி இல்லாத மொழிகளில் என்ன நேரும் என்பதற்கு ஆக்சன்ஸ்கிரிப்ட் தக்க சான்று. அடோபியின் ஃபிளாஷ் அசைபடங்கள் அம்மொழியில்தான் இயங்கின. 2013இல் வந்த ஸ்கிராட்ச் இரண்டாம் பதிப்பும் அதிலேயே எழுதப்பட்டது. அம்மொழியில் 'ரிமூவ்சைல்ட்' என்றால் துளி மேடையை விட்டு இறங்கும். ஆனால் அழியாது. பலர் இங்கேதான் இடறினர்.

ஒரு மாட்டை மூன்று கயிற்றால் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை அவிழ்த்ததும் மாடு போய்விடுமா? துளிக்கும் மூன்று கயிறுகள் உண்டு. மேடையின் பட்டியல் ஒன்று. 'எல்லாத் துளிகளும்' என்று நாம் வைத்திருக்கும் அணி இரண்டாவது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாத கயிறு: மேடையிலோ ஓடும் கடிகாரத்திலோ 'நிகழ்வு நேரும்போது என்னைக் கூப்பிடு' என்று துளி பதிவு செய்துகொண்ட கேட்பி. அந்தப் பதிவு உள்ளவரை கடிகாரம் துளியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பதிவை நீக்கி, அணியிலிருந்தும் எடுத்து, மேடையிலிருந்தும் இறக்கினால்தான் துளி அநாதையாகும். அநாதையானவற்றைத் திரட்டி இடத்தை மீட்பது 'குப்பை திரட்டி'யின் வேலை. ஜான் மெக்கார்த்தி என்பவர் லிஸ்ப் மொழிக்காக 1959 வாக்கில் கண்ட முறை இது. நாம் அழைத்தவுடன் அது வருவதில்லை. தனக்கு வேண்டிய நேரத்தில்தான் வரும்.

ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. இன்று உலாவியில் அசைபடம் செய்வோர் ஜாவாஸ்கிரிப்டை நாடுகின்றனர். 2019இல் வந்த ஸ்கிராட்ச் மூன்றாம் பதிப்பும் அதற்கே மாறிற்று. கயிறுகளின் கணக்கு அங்கும் இதேதான். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பைத்தானிலும் 'டெல்' என்ற கட்டளை பெயரை மட்டுமே அவிழ்க்கிறது. அதே துளி ஓர் அணியிலும் இருந்தால் உயிரோடுதான் இருக்கும். கடைசிக் கயிறும் அறுந்தால் பைத்தான் உடனே இடத்தை மீட்கும். இரு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் அங்கும் குப்பை திரட்டி வந்தாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அழிக்காமலே விட வழியில்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு. கீழே வந்த துளியை அழிக்காமல், அதையே மீண்டும் மேலே ஏற்றிவிடலாம். தொடக்கத்தில் பிறந்த 40 துளிகளே சுற்றிச் சுற்றிப் பெய்யும். அடிக்கடி ஆக்கி அழிக்கும் வேலை மிச்சமாவதால் பழைய கணினியில் படம் தடங்கலின்றி ஓடும். நாகநதி மழைக்கு இம்முறையையே கொண்டேன். நிலத்துக்குள் இறங்கும் நீரைக் காட்டும் பகுதியில் மட்டும் துளிகளை முறைப்படி நீக்குகிறேன். அவை திரும்பி வருவன அல்ல.